கூதிர்கால அடுக்களை

உரைநடை உலகம்

நுழையும்முன்

மொழியைப் போலவே சமையலும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் அறிவுச்செல்வம். எந்த மாதத்தில் எந்தக் காய் விளையும், எந்தக் கிழங்கை எவ்வாறு பக்குவப்படுத்த வேண்டும், எதனோடு எதனைச் சேர்த்து உண்ண வேண்டும் என்னும் செய்திகள் நூல்களில் இடம்பெறுவதற்கு முன்பே அடுப்படியில் கற்பிக்கப்பட்டன. நாங்குநேரி வட்டாரத்து மழைக்கால உணவுகளின் வழியே, நிலமும் பருவமும் ஒரு மக்கள்கூட்டத்தின் சமையலை உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெரும்பொழுதும் உணவும்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்கள்களும் கூதிர்காலம் எனப்பட்டன. இதே காலம் குளிர்நாடுகளில் இலையுதிர்காலம். அங்கே உழவர், பனிப்பொழிவு தொடங்குமுன் பூசணியையும் கிழங்குகளையும் அறுவடை செய்து சேமித்து வைப்பர். நெல்லைச் சீமையில் இப்பருவத்தில் இலை உதிர்வதில்லை, மழை பொழிகிறது. எனினும் இரு நிலத்து மக்களும் ஒரே வகைக் காய்களையே நாடுகின்றனர். பனியோ மழையோ கெடுக்க இயலாதவையும் பல நாள் வைத்திருக்கக் கூடியவையும் பூசணியும் கிழங்குமே என்பதனை இருவரும் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

தமிழ் இலக்கண மரபிலும் இதற்கு ஓர் இயைபு உண்டு. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் ஆகும். அந்நில மக்களின் தொழில்களுள் ஒன்று கிழங்கு அகழ்தல். பொழுதையும் உணவையும் தொழிலையும் ஒருங்கே கருப்பொருளாகவும் முதற்பொருளாகவும் வகுத்த மரபு, உணவு பருவத்தோடு பிணைந்தது என்னும் உண்மையைத் தெளிவாகக் கண்டிருந்தது.

தெரியுமா?

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, நக்கீரரால் பாடப்பெற்றது. கூதிர்கால மழையும் வாடையும் மனிதர் வாழ்விலும் விலங்குகளின் வாழ்விலும் ஏற்படுத்தும் மாற்றங்களை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது.

நாங்குநேரியின் நிலமும் நீரும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் நாங்குநேரி. நம்மாழ்வாரால் பாடப்பெற்ற வானமாமலைப் பெருமாள் கோயிலால் இவ்வூர் புகழ்பெற்றது. இதன் மேற்கே களக்காட்டு மலைகள் அரணாக நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் பெருமழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சமவெளியில் பெரும்பாலும் வறண்ட காற்றாகவே வீசுகிறது. ஆகவே இவ்வட்டாரம் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பி வாழ்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையே குளங்களை நிரப்புகிறது. 1958ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையின் பெருங்கால்வாய், இப்பகுதிக் குளங்களுக்கும் நீர் தருகிறது. எனினும் மழை பொய்த்தால் குளமும் பொய்க்கும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

தாமிரபரணி நேரடியாகப் பாயும் ஊர்களில் கார், பிசானம் என இருபோக நெல் விளைவது வழக்கம். குளத்தை நம்பிய ஊர்களில் மழை பெய்து குளம் பெருகிய பின்னரே நடவு தொடங்கும். அந்நெல் அறுவடைக்கு வரத் தையும் மாசியும் ஆகும். எனவே கூதிர் வரும்போது குதிர் குறைந்திருக்கும். நெல்லை வழக்கில் 'குலுக்கை' எனப்படும் அந்தக் குதிரில் எஞ்சிய நெல்லைக் கொண்டு, குடும்பம் முழுவதும் தை வரை பசியின்றி வாழ வேண்டும். பாலும் நெய்யும் எளிய குடும்பங்களில் அன்றாடம் புழங்கும் பொருள்களாக இருந்ததில்லை. இந்த நெருக்கடியில் கைகொடுத்தவை மண்ணுக்குள் விளைந்த கிழங்குகளும், கொல்லையில் நின்ற முருங்கையும், வேலியில் படர்ந்த அவரையும், தென்னையும் பனையும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் ஆகும். அவற்றைக் கொண்டே ஒரு நிறைவான சமையலை இவ்வட்டாரத்துப் பெண்கள் உருவாக்கினர்.

மழைநாள் காய்கள்

மழைநாளில் மென்மையான காய்கள் அழுகிவிடும். கீரை மண்ணேறிக் கெடும். ஆகவே மழைக்கு அஞ்சாத காய்களே அடுக்களையின் துணை. மஞ்சள் பூசணியும், நெல்லையில் 'தடியங்காய்' என வழங்கப்படும் வெண்பூசணியும் தடித்த தோலுடையவை. முற்றிய காயைப் பறித்து ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல வாரங்கள் கெடாமல் இருக்கும். சேனையும் சேம்பும் மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். வேண்டும்போது தோண்டி எடுக்கலாம். கோடையில் அவித்து உப்பிட்டு உலர்த்திய சீனியவரை வற்றலும் கத்தரி வற்றலும் மழைநாளில் குழம்பாகும். வெயிலைச் சேமித்து மழைக்கு வைக்கும் உத்தி அது.

இக்காய்களைக் கையாள்வதற்கு அறிவு வேண்டும். சேனையையும் சேம்பையும் வெறுமனே அவித்து உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும். அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு என்னும் ஊசிவடிவப் படிகங்களே அதற்குக் காரணம். புளிக்கரைசலில் வேகவைத்தால் அரிப்பு தணியும் என்பதனை வேதியியல் கற்காத மூதாட்டியரும் அறிந்திருந்தனர். சேனையை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் அவ்வறிவின் பகுதியே.

சிறுகிழங்கு

நெல்லை, தென்காசி மாவட்டங்களுக்கே உரிய சுவையாகப் பலரும் கருதுவது சிறுகிழங்கு. கேரளத்தில் இதனைக் 'கூர்க்க' என்பர். ஆப்பிரிக்கக் கண்டமே இதன் தாயகம் எனத் தாவரவியலார் கருதுவர். துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, கொடித்துண்டுகளை நட்டு வளர்க்கப்படுகிறது. மழையிலும் குளிரிலும் மண்ணுக்குள் கிழங்கு திரண்டு, கார்த்திகைக் கடைசியில் கடைகளுக்கு வரத் தொடங்கும். தைப்பொங்கலன்று சேனை, சேம்பு, பனங்கிழங்கு ஆகியவற்றோடு சிறுகிழங்கும் படையலில் இடம்பெறும்.

அளவில் சிறிய, மண்ணொட்டிய இக்கிழங்கைத் தோலுரிப்பது பெரும்பணி. ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவினால் கிழங்கில் பாதி தோலோடு போய்விடும். அதற்கு ஊரார் ஓர் எளிய வழி கண்டனர். நீரில் ஊறவைத்த கிழங்குகளைச் சாக்கில் கட்டிக் கல்தரையில் தேய்ப்பர். கிழங்குகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ள, மண்ணும் கருந்தோலும் சாக்கின் சொரசொரப்பில் ஒட்டிக் கழன்றுவிடும். வெள்ளைக் கிழங்கு மறுபடியும் கறுக்காதிருக்க உடனே தண்ணீரில் போடுவர்.

பின்னர் அதனை உப்பிட்டு வேகவைத்து, நல்லெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்துக் கிளறினால் பொரியல் அணியமாகும். சிறுகிழங்கிற்கென ஒரு தனி மணம் உண்டு. மசாலாப் பொருள்கள் மிகுந்தால் அம்மணம் மறைந்துபோகும். குறைவாகச் சேர்ப்பதே இச்சமையலின் நுட்பம்.

தேங்காய்ப்பாலும் சொதியும்

நெல்லை மணவிழாக்களில் திருமணத்திற்கு மறுநாள் விருந்தில் சொதி பரிமாறுவது வழக்கம். ஈழத்தமிழர் அடுக்களையிலும் சொதி என்னும் பெயரில் தேங்காய்ப்பால் குழம்பு உண்டு. விருந்துணவாக அறியப்பட்டாலும் இதனை எளிய முறையில் வீட்டிலும் ஆக்கலாம்.

துருவிய தேங்காயை அரைத்து முதலில் பிழிவது கெட்டியான முதற்பால். அதே துருவலில் நீர்விட்டு மீண்டும் அரைத்துப் பிழிவன இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். முருங்கைக்காய், அவரை, உருளைக்கிழங்கு முதலிய காய்களை மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். வெந்ததும் குழைத்த பாசிப்பருப்பையும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதையும், இரண்டாம் பாலையும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். இறுதியாக முதற்பாலை ஊற்றி, நுரைகூடும் நிலையிலேயே அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். முதற்பால் கொதித்தால் அதிலுள்ள புரதம் திரண்டு, எண்ணெய் தனியே பிரியும். அதனையே 'பால் திரிந்துவிட்டது' என்பர். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகே பிழிவதற்கும் காரணம் உண்டு. கொதிநிலையில் புளிப்புச் சேர்ந்தால் பால் எளிதில் திரியும். வைட்டமின் சியும் குறையும். சொதிக்குத் துணையாக இஞ்சி, புளி, வெல்லம் சேர்த்துச் செய்யும் இஞ்சிப் பச்சடி அமையும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு செரிக்க இஞ்சி உதவும் என்பது முன்னோர் கருத்து.

காய்களை ஒன்றாகச் சேர்த்துச் சமைக்கும் மற்றோர் உணவு கூட்டாஞ்சோறு. அரிசியும் துவரம்பருப்பும், கத்தரி, வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரை, முருங்கைக்கீரை என வீட்டிலுள்ள காய்களெல்லாமும் ஒரே பானையில் வேகும். சிறிது புளியும், தேங்காய், சீரகம், மிளகாய், சின்னவெங்காயம் அரைத்த விழுதும் அதற்குச் சுவையூட்டும். தனித்தனியே குழம்பும் கறியும் வைக்கப் போதாத சிறு அளவுக் காய்களும் வீணாவதில்லை. ஈரவிறகு புகையும் மழைநாளில் ஒரே அடுப்பில் ஒரே பானையில் உணவு முடிந்துவிடுவது கூடுதல் நன்மை.

உளுந்தும் எள்ளும்

கூதிர்கால வாடையில் உடலுக்கு வலுவூட்டும் எளிய உணவு உளுந்தம்பருப்புச் சோறு. இரண்டு பங்கு அரிசிக்குத் தோலோடு உடைத்த உளுந்து ஒரு பங்கு. உளுந்தை மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி, பூண்டு, சிறிது வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு ஆகியவற்றுடன் வேகவைத்தால் போதும். தாளிப்பும் வேண்டுவதில்லை. இதற்கு இணை எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளைப் படபடவெனப் பொரியும்வரை வறுத்து, மிளகாய் வற்றல், புளி, உப்பு, சிறிது தேங்காயோடு அரைப்பர்.

இவ்விணைப்பு சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் உடலுக்குத் தேவையான புரதம் நிறைவாகக் கிடைக்கிறது. எள்ளில் கால்சியமும் மிகுதி. இந்த ஊட்டச்சத்துக் கணக்கை ஆய்வுக்கூடம் விளக்குவதற்கு நெடுங்காலம் முன்பே அடுக்களை கண்டறிந்திருந்தது.

எள்ளிலிருந்து பெறும் நல்லெண்ணெய் இம்மண்ணின் வாழ்வோடு ஆழமாகக் கலந்தது. வானமாமலைக் கோயிலில் பெருமாளுக்கு நாள்தோறும் தைலக்காப்பு நடைபெறுகிறது; அந்த எண்ணெய் கோயிலிலுள்ள எண்ணெய்க் கிணற்றில் சேர்க்கப்படுகிறது. வீட்டில் பச்சைமிளகாயைக் கீறி வதக்கிப் புளிமிளகாய் ஆக்குவதற்கும், உளுந்தங்களி கிண்டுவதற்கும் நல்லெண்ணெயே உரியது. உளுந்துமாவும் அரிசிமாவும் கருப்பட்டிப் பாகில் வெந்து, நல்லெண்ணெயில் சுருண்டு வரும் களியைப் பூப்பெய்திய பெண்களுக்குக் கொடுப்பது நெல்லை வழக்கம்.

கார்த்திகையின் பனைமணம்

கூதிர்காலத்தின் நிறைவில் வருவது திருக்கார்த்திகை. அன்று தென்மாவட்ட வீடுகளில் ஓலைக்கொழுக்கட்டை அவிப்பர். அரிசிமாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சுக்கும் சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பர். ஓலையின் மணம் மாவில் இறங்கும். எண்ணெயோ நெய்யோ பாலோ இதில் இல்லை. பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டி, பனையின் ஓலை, தென்னையின் காய், வயலின் அரிசி என அனைத்தும் அருகிலேயே விளைந்தவை. தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, ஓலையாகவும் இனிப்பாகவும் ஒரே உணவில் இருமுறை பயன்படுகிறது. மண்ணில் புதைத்த பனங்கொட்டைகளும் இம்மழையில்தான் வேரூன்றிக் கிழங்காகத் திரளும். மார்கழியிலும் தையிலும் அவற்றைத் தோண்டி அவித்து உண்பர்.

நனிசைவமும் நெல்லைச் சமையலும்

விலங்குகளிடமிருந்து பெறும் பால், தயிர், நெய், தேன் உள்ளிட்ட எதனையும் விலக்கி, தாவர உணவை மட்டும் உண்ணும் முறையை இக்காலத்தில் 'நனிசைவம்' என்பர். உலக வழக்கில் இது 'வீகன்' முறை எனப்படும். இப்பெயர் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் தொடங்கிய அமைப்பின்வழிப் பரவியது. நவம்பர் முதல் நாள் உலக நனிசைவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது தமிழர் கூதிர்காலத்தில் அமைவது ஒரு தற்செயல்.

நெல்லைச் சமையல் முழுவதும் நனிசைவம் என்று கூறுவது பொருந்தாது. மோர்க்குழம்பும் தயிர்ப்பச்சடியும் நெய்ப்பண்டங்களும் மீன்குழம்பும் அங்கு உண்டு. அவியலிலும் சிலர் தயிர் சேர்ப்பர். சிலர் தயிருக்கு மாற்றாகப் புளி சேர்ப்பர். ஆயினும் மேலே கூறிய கூதிர்கால உணவுகள் பாலும் நெய்யும் இன்றியே நிறைவு பெற்றவை. அவை ஒரு கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. நிலம் தந்ததைக் கொண்டு வாழும் தேவையிலிருந்து பிறந்தன. நகர்ப்புறங்களில் நனிசைவம் என்றால் தொலைநாட்டிலிருந்து வரும் விலைமிகுந்த பொருள்களே நினைவிற்கு வருகின்றன. உள்ளூர்த் தேங்காயும் உளுந்தும் எள்ளும் கிழங்கும் அதனை எளிதாக்கும் என்பதற்கு இவ்வடுக்களை சான்று.

இங்கு நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வைட்டமின் பி12 தாவர உணவுகளில் போதிய அளவு கிடைப்பதில்லை. பாலையும் முழுமையாக விலக்குவோர் மருத்துவர் அறிவுரையுடன் அதனை வேறுவழியில் பெறுதல் வேண்டும். மரபைப் போற்றுவதோடு அறிவியலையும் துணைக்கொள்வதே முறை.

பயிரும் சொல்லும்

இன்று எல்லாக் காய்களும் எல்லா மாதங்களிலும் கடைகளில் கிடைக்கின்றன. அது ஒருவகையில் நன்மையே. எனினும் எப்போதும் கிடைப்பதை மட்டுமே வாங்கும் பழக்கம் பெருகும்போது, பருவத்தில் மட்டும் வருவது மறக்கப்படுகிறது. சிறுகிழங்கின் தோலை நீக்கும் முறை தெரியாத வீட்டில் அக்கிழங்கு வாங்கப்படுவதில்லை. வாங்குவோர் குறைந்தால் உழவர் அதனைப் பயிரிடுவதில்லை. பயிர் மறைந்தால் நாளடைவில் அதன் பெயரும் மறையும். தடியங்காய், சீனியவரை, குலுக்கை போன்ற வட்டாரச் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்ந்தால் போதாது. அடுப்படிப் பேச்சிலும் வாழவேண்டும்.

இவ்வறிவைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காத்தவர்கள் அவர்கள் என்பதனால் காக்கும் கடமையும் அவர்களுக்கு மட்டுமே உரியது எனக் கருதுதல் கூடாது. சாக்கில் கிழங்கைத் தேய்ப்பதற்கும் தேங்காய்ப்பால் பிழிவதற்கும் ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லை. உயிர்வாழத் தேவையான கலை என்பதனால் சமையல் இருபாலர்க்கும் உரிய கல்வி.

குதிர் குறைந்த காலத்தில் ஒரு தலைமுறை பசியை வென்ற வழி அந்தப் பானைக்குள் இருக்கிறது. அதனை ஒருமுறையேனும் தம் கையால் சமைத்துப் பார்ப்பவர், ஒரு சோற்றுக்குப் பின்னால் இருக்கும் மழையையும் மண்ணையும் உழைப்பையும் அறிந்துகொள்வர். அடுத்த கூதிர்காலத்திலும் சிறுகிழங்கு கடைக்கு வரவேண்டுமாயின், இந்தக் கூதிர்காலத்தில் யாரேனும் அதனை வாங்கிச் சமைக்க வேண்டும்.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
குதிர் – நெல் சேமிக்கும் கூடு
கூதிர் – ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்கள், குளிர்ந்த காற்று
தடியங்காய் – வெண்பூசணி
சீனியவரை – கொத்தவரை
பட்டறிவு – அனுபவ அறிவு

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள முதியோரிடம் கேட்டு, மழைக்காலத்தில் மட்டும் சமைக்கப்படும் உணவுகளைப் பட்டியலிடுக.

2. ஒரே காய்க்கு உங்கள் வட்டாரத்திலும் பிற வட்டாரங்களிலும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து ஒரு சிறு வட்டார அகராதி உருவாக்குக.

3. பெரியோர் துணையுடன் பருவக் காய் ஒன்றைக் கொண்டு ஓர் உணவைச் சமைத்து, செய்முறையைப் படிநிலைகளாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. கூதிர்காலத்திற்குரிய திங்கள்கள் யாவை?

2. சேனைக்கிழங்கைப் புளிக்கரைசலில் வேகவைப்பது ஏன்?

சிறுவினா

1. 'கூதிர் வரும்போது குதிர் குறைந்திருக்கும்' – நாங்குநேரி வட்டாரப் பாசனநிலையோடு பொருத்தி விளக்குக.

2. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் சிறந்த இணையாவதற்குரிய அறிவியல் காரணத்தை எழுதுக.

நெடுவினா

1. 'சமையல் மறந்தால் பயிர் மறையும். பயிர் மறைந்தால் சொல் மறையும்' – இக்கருத்தைப் பாடச் செய்திகளைக் கொண்டும் உங்கள் ஊர் உணவுகளைக் கொண்டும் நிறுவுக.